கோடை வெயிலும் உழவர் தோலும்

வெற்றிலைக் கொடிக்கால் வைக்கும் உழவர், கொடியை நடுவதற்கு முன்பே அகத்தியை விதைத்து நிழலுக்கு வழி செய்துவிடுகிறார். வாழைத்தாரின் காம்பு வெயிலில் வெந்துவிடாமல் இருக்கச் சருகால் மூடி வைக்கிறார். நிழல்வலைக் குடிலில் வளர்ந்த தக்காளி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி அப்படியே வயலில் நடுவதில்லை. சில நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டி, நாற்றைப் பழக்கிய பிறகே நடுகிறார். பயிருக்கு வெயில் வேண்டும், ஆனால் அளவும் நேரமும் பார்த்து வேண்டும் என்பதை உழவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே உழவர் தம் உடம்பு என்று வரும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார். பிடரி கறுத்துத் தடித்துப் போனாலும், கன்னத்தில் மங்கு படர்ந்தாலும், கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளர்ந்தாலும் ‘வெயிலில் பாடுபட்டால் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. மற்றொரு பக்கம், தோல் கறுத்துவிடும் என்று அஞ்சி வெயிலையே ஒதுக்குவோரும் பெருகி வருகின்றனர். இரண்டும் கேடுதான். வெயிலால் வரும் நன்மை என்ன, தீமை என்ன, இரண்டையும் எப்படிச் சமன் செய்வது என்பதைக் கிராமக் குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டும்.

சூடு வேறு, கதிர் வேறு

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் உண்டு. உடம்பைச் சுடும் வெப்பக் கதிர் உண்டு. இவை இரண்டும் அல்லாத புற ஊதாக் கதிரும் உண்டு. புற ஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, உடம்பாலும் உணர முடியாது. தோலைக் கருக்குவதும் எரியச் செய்வதும் பெரும்பாலும் இதுவே.

பூமியை வந்தடையும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. இது தோலின் ஆழம் வரை இறங்கிச் சுருக்கத்தையும் முதுமையையும் உண்டாக்குகிறது. எஞ்சிய ஏறத்தாழ 5 சதவீதம் ‘பி’ வகை. அளவில் சிறிதானாலும் வேகம் மிகுந்தது. தோலை எரித்துச் சிவக்க வைப்பதும் இதுதான். உடம்புக்கு வேண்டிய வைட்டமின் ‘டி’ சத்தைத் தோலில் உண்டாக்குவதும் இதுதான்.

வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல என்பதால், குளிர்ச்சியாக இருக்கும் இடத்தில் கதிரும் குறைவு என்று எண்ணுவது தவறாகும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. எனவே, 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்களில் வேலை செய்வோருக்கு உடம்பு வியர்க்காவிட்டாலும் தோல் கருகும். மெல்லிய மேகம் மூடிய நாளிலும் கதிரில் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடுகிறது. உப்பளத்தில் வெண்மையான உப்பு, ஒளியைத் திருப்பி மேல்நோக்கி வீசுகிறது. தலைக்கு மேல் இருந்து வரும் ஒளியைத் தொப்பி தடுக்கும். தரையிலிருந்து கண்ணுக்கு ஏறும் ஒளியைத் தடுக்காது. தூத்துக்குடி, வேதாரண்யம் பகுதிகளில் உப்பள வேலை செய்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நிழலே கடிகாரம்

புற ஊதாக் கதிரின் வேகத்தை அறியக் கருவி ஏதும் தேவையில்லை. வெயிலில் நிற்பவர் தம் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் தம் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கதிரின் வேகம் குறைவு. நிழல் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். காலடியில் நிழல் ஒடுங்கிவிட்டால் வேகம் உச்சத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் காலை 9 மணியைத் தாண்டியதுமே நிழல் ஆள் உயரத்துக்குக் குறைந்துவிடுகிறது. பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் மீண்டும் ஆள் உயரத்துக்கு நீள்கிறது. மார்கழியில்கூட 10 மணிக்கு மேல் 2 மணி வரை நிழல் குட்டையாகவே இருக்கும்.

சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஆண்டுக்கு ஒன்றல்ல, இரண்டு. பங்குனிக் கடைசியில் குமரிமுனையில் தொடங்கி, சித்திரை இரண்டாம் வாரத்தில் சென்னையை எட்டுகிறது. பின்னர் வடக்கே சென்று திரும்பும் சூரியன், ஆவணி தொடக்கத்தில் சென்னைக்கும், ஆவணி நடுவில் குமரிக்கும் மறுபடியும் நேர் உச்சியில் நிற்கிறது. அக்கினி நட்சத்திரம் போய்விட்டது, காற்று வீசுகிறது, வெயில் தணிந்துவிட்டது என்று ஆவணியில் தலைத்துண்டை மறந்து சம்பா வேலையில் இறங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வெயிலால் கிடைக்கும் நன்மை

எலும்பு உறுதியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உண்ணும் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் ‘டி’ வேண்டும். மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இது ஓரளவு இருக்கிறது. மற்ற உணவுகளில் மிகக் குறைவு. ஆகவே மனிதனுக்கு இதைத் தருவது பெரும்பாலும் வெயிலே. 1919-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், கணைநோயால் கால் வளைந்த குழந்தைகள் மீது புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சி நோயைக் குணப்படுத்திக் காட்டினார். அதன் பிறகே இந்த உண்மை உறுதியாயிற்று.

இந்தச் சத்து குறைந்தால் குழந்தைகளுக்குக் கால் வளையும். பெரியவர்களுக்கு இடுப்பு, தொடை, முதுகு எலும்புகளில் ஓயாத வலி இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. இதை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் கடத்துவோர் பலர்.

திருப்பதி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில், நகரவாசிகளைவிட வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு வைட்டமின் ‘டி’ கூடுதலாக இருப்பது தெரிய வந்தது. அதே வட்டாரத்தில், தோலில் இந்தச் சத்து மிகுதியாக உண்டாவது முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் என்றும் கண்டறிந்தனர். காலை இளவெயிலில் நின்றால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். நிழல் நீளமாக விழும் அந்த நேரத்தில் ‘பி’ வகைக் கதிர் மிகக் குறைவு. இளவெயில் உடம்புக்கு இதம் தரும். எலும்புக்கு அதிகம் தராது.

நன்மை தரும் நேரமும் தீமை தரும் நேரமும் ஒன்றாக இருப்பதே இதிலுள்ள சிக்கல். அளவு ஒன்றுதான் இதற்கு வழி. மாநிறத் தோல் உடையவர் கையும் காலும் வெயில் படும்படி, வாரத்தில் சில நாள், சுமார் அரை மணி நேரம் இருந்தால் பெரும்பாலும் போதும். தோல் சிவக்கும் வரையோ எரியும் வரையோ நிற்க வேண்டியதில்லை. ஓர் அளவுக்கு மேல் வெயிலில் நின்றாலும் தோல் கூடுதலாக வைட்டமின் ‘டி’யைச் சேர்ப்பதில்லை, மிகுதியாவதைத் தானே அழித்துவிடுகிறது. ஆகவே நாள் முழுவதும் வயலில் நிற்பவருக்கு, நாள் முழுவதும் நின்ற அளவுக்கு நன்மை கிடையாது. களைக்கொட்டோடு வயலுக்குப் போய் வரும் வழியிலேயே வேண்டிய வெயில் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் படுவதெல்லாம் காக்க வேண்டிய வெயிலே.

கவனிக்க வேண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பவர்கள்தாம். வெளியே போகாத முதியோர், கட்டிலோடு கிடக்கும் நோயாளிகள், உடல் முழுவதும் மூடி உடுத்துவோர், தறி, பட்டறை, ஆலை வேலைக்குச் செல்வோர் ஆகியோருக்கே இந்தச் சத்துக் குறைவு மிகுதி. கைக்குழந்தையை உச்சி வெயிலில் கிடத்துவது கூடாது. முதல் ஓராண்டுக்கு நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ‘டி’ சொட்டு மருந்து தருமாறு குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இதோடு கேழ்வரகை மறக்கலாகாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியங்களில் வேறு எதிலும் இந்த அளவு இல்லை.

அளவுக்கு மிஞ்சினால்

மாநிறத்தையும் கருநிறத்தையும் தருவது தோலில் உள்ள ‘மெலனின்’ என்னும் நிறமி. இது இயற்கை கொடுத்த குடை. வெள்ளைத் தோல் உடையவர்களைப் போல் இந்நாட்டு மக்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் அதிகம் வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம். ஆனால் குடை இருப்பதால் நனையவே மாட்டோம் என்று சொல்ல முடியாது. மங்கு, தோல் தடிப்பு, சுருக்கம், கண்ணில் சதை வளர்தல், கண்புரை ஆகியவை கருநிறத்தவருக்கும் வரும். கண்ணுக்குள் வெயில் படுவதைத் தோலின் நிறம் தடுப்பதில்லை.

நாற்று நடும் பெண்களுக்கு வெயில் முகத்தில் படுவதைவிடப் பிடரியிலும் முதுகின் மேற்பகுதியிலும் முன்கையிலும் அதிகம் படுகிறது. குனிந்து செய்யும் வேலை எதுவானாலும் இதுதான் நிலை. முகத்துக்கு மட்டும் காப்புத் தேடுவது போதாது.

ஆறாத புண் ஒன்று நான்கு வாரத்துக்கு மேல் இருந்தாலும், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் கண்டாலும், பாதத்திலோ நகத்தடியிலோ கரும்புள்ளி தோன்றிப் பெருகினாலும் காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்ட வேண்டும். இவற்றில் சில வெயிலால் வருபவை அல்ல. எனினும் வெயில் கறுப்பு என்று எண்ணி விட்டுவிடுவதால்தான் முற்றிப் போகின்றன.

சட்டையா, களிம்பா?

சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில் காப்புக் களிம்பு இப்போது கிராமத்து மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் களிம்பு பூசியவர்களுக்குத் தோல் புற்றுநோயில் ஒரு வகை கணிசமாகக் குறைந்தது. எனவே களிம்பு பயன் தரும் பொருள்தான். ஆனால் அந்த ஆய்வு பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களிடம் நடந்தது. அங்கு சொன்ன முறையை அப்படியே இங்குள்ள வயலுக்குக் கொண்டுவர முடியாது.

களிம்புக் குழாயின் மேல் எஸ்.பி.எப். என்று ஓர் எண் போட்டிருக்கும். 15 என்று இருந்தால் ‘பி’ வகைக் கதிரில் சுமார் 93 சதவீதத்தையும், 30 என்றால் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்றால் சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஆகவே 30-க்கு மேல் போகப் போக விலை கூடுமே தவிரப் பயன் அந்த அளவுக்குக் கூடாது. ‘ஏ’ வகைக் கதிரையும் தடுக்கும் களிம்பா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

இந்தக் கணக்கெல்லாம் கெட்டியாகப் பூசினால்தான் பொருந்தும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே காணும். உடல் முழுவதற்கும் பூச ஒரு வேளைக்குச் சுமார் 30 மில்லி தேவை. அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்தால் அதற்கு முன்பே, மீண்டும் பூச வேண்டும். அப்படியானால் 50 கிராம் குழாய் ஒரு நாளைக்குக்கூடக் காணாது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்பதை விளக்க வேண்டியதில்லை. சேறும் வியர்வையும் புழுதியும் சேரும் வயல் வேலையில் பூசிய களிம்பு நிலைப்பதும் இல்லை.

இதற்கு விடையைக் கிராமத்துப் பெண்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக் களையெடுக்கப் போகிறார்கள். சில ஊர்களில் இதைக் கேலி செய்வோரும் உண்டு. உண்மையில் எந்தக் களிம்பையும்விட இதுவே உறுதியான காப்பு. வியர்வையில் கரையாது, இரண்டு மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதில்லை, துவைத்து மறுநாளும் போடலாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது கவனம் வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும்போது ஒளி ஊடுருவித் தெரிந்தால் கதிரும் ஊடுருவும். நெருக்கமாக நெய்த துணி நல்லது. மெல்லிய வெள்ளைத் துணி குளிர்ச்சியாக இருக்கும்; ஆனால் கதிரைக் குறைவாகவே தடுக்கும். நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் குறையும். நீலம், காக்கி போன்ற நிறங்களில் தளர்வாகத் தைத்த பருத்திச் சட்டை எல்லா வகையிலும் ஏற்றது. தலைப்பாகை மண்டையைக் காக்கும்; ஆனால் பிடரியையும் காதையும் காக்காது. துண்டின் ஒரு முனையைப் பின்னால் தொங்கவிட்டுக் கட்டுவது நலம். சுற்றிலும் நான்கு விரல் அகலம் விளிம்புள்ள பனையோலைத் தொப்பி முகம், காது, பிடரி மூன்றையும் காப்பதோடு கண்ணுக்கும் நிழல் தரும்.

தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசுவது தோல் வறளாமல் இருக்க உதவலாம். வெயில் காப்பாக இவற்றை நம்ப முடியாது.

களிம்பு யாருக்குக் கட்டாயம்?

துணியால் மூட முடியாத முகம், உதடு, புறங்கை ஆகிய இடங்களுக்குக் களிம்பு தேவைப்படுவோர் சிலர் உண்டு. வெண்புள்ளி உள்ளவர்கள், மங்குக்கு மருத்துவம் செய்துகொள்பவர்கள், வெயில் பட்டால் தடிப்பு ஏற்படும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பூச வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளை உட்கொள்ளும் காலத்தில் சிறு வெயிலும் தோலை எரிக்கும். மாத்திரை வாங்கும்போதே ‘வெயிலில் வேலை செய்யலாமா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாரையும்விட முக்கியமானவர்கள் பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாதவர்கள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய குழந்தைகள் பிறக்க வாய்ப்பு அதிகம். இயற்கைக் குடை இல்லாத இவர்களுக்கு இள வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். இவர்களை வெயில் வேலைக்கு அனுப்பவே கூடாது. படிக்க வைத்து நிழலில் செய்யும் தொழிலுக்குப் பழக்குவதும், சிறு வயது முதல் முழுக்கைச் சட்டை, தொப்பி, களிம்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குவதும் பெற்றோரின் கடமை. மற்றவர்க்குக் களிம்பு ஒரு வசதி. இவர்களுக்கு அது மருந்து.

செடியும் வெயிலும் சேர்ந்தால்

சில செடிகளின் சாறு தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும்பிக் கரும்படை உண்டாகும். எலுமிச்சைச் சாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழம் பறித்துத் தரம் பிரிப்போரும் சாறு பிழிவோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே வெயிலுக்குச் செல்ல வேண்டும். வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசியிலும் இதே தன்மை உள்ளது. யாரோ சொன்னார்கள் என்று அதை அரைத்துப் பூசி வெயிலில் நின்று தோல் வெந்து போனவர்கள் உண்டு. வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யலாகாது.

பார்த்தீனியம் களை மண்டிய இடங்களில் வேலை செய்வோருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் வருகிறது. பலர் இதை வெயில் ஒவ்வாமை என்று எண்ணிக் களிம்பு பூசுகின்றனர். களையை ஒழிக்காமல் இது தீராது. பூக்கும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும்.

மாட்டுக்கும் உண்டு

வெயில் காப்பு மனிதருக்கு மட்டும் உரியதன்று. மலையடிவாரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெடுகிறது. அதனால் தீவனத்தின் பச்சையத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள் வெளியேற முடியாமல் இரத்தத்தில் தேங்கித் தோலுக்கு வருகிறது. அந்தத் தோலில் வெயில் பட்டதும் வீங்கி, வெடித்து, உரிந்து விழுகிறது. கலப்பினப் பசுவின் உடலில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் உரிந்து, கறுப்புத் திட்டுகள் நன்றாக இருப்பதைக் காணலாம். நிறமி எப்படிக் காக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இத்தகைய மாட்டை உடனே இருட்டான கொட்டகையில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வெள்ளைப் பன்றி வளர்ப்போரும் நிழலுக்கும் சேற்றுக் குழிக்கும் வழி செய்வது அவசியம்.

வேலை நேரம்

எல்லாவற்றிலும் சிறந்த காப்பு நேரத்தை மாற்றுவதே. ஆனால் கூலிக்கு வருபவர் தம் நேரத்தைத் தாமே தீர்மானிக்க முடியாது, நிலத்துக்காரரே தீர்மானிக்கிறார். பங்குனி முதல் ஆனி வரை காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துக்கொள்வதும், மீதி இருந்தால் பிற்பகல் 3 மணிக்கு மேல் வைத்துக்கொள்வதும் இருவருக்கும் நன்மை. உச்சி வெயிலில் ஒருவர் செய்யும் வேலை பாதியாகக் குறைந்துவிடுவதை நிலத்துக்காரரே கண்டிருப்பார். வரப்போரத்தில் புளி, வேம்பு, புங்கம் ஒன்று நின்றால் இளைப்பாற இடம் கிடைக்கும். மரம் இல்லாத இடத்தில் நான்கு கொம்பு நட்டு ஓலை வேய்ந்தாலும் போதும்.

வெயிலில் வேலை செய்பவருக்குத் தலைச்சுற்றல், குமட்டல் கண்டால் நிழலில் படுக்க வைத்து, உப்பிட்ட மோரோ நீராகாரமோ கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலும், நினைவு தடுமாறினாலும், உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

நினைவில் கொள்ள

1. நிழல் ஆள் உயரத்துக்குக் குறைந்தால் உடம்பை மூடும் நேரம் வந்துவிட்டது.
2. முழுக்கைச் சட்டை, பிடரி மூடிய தலைத்துண்டு, அகல விளிம்புத் தொப்பி ஆகியவை முதல் காப்பு, களிம்பு அடுத்தது.
3. வயலுக்குப் போகிறவர் வெயிலைக் குறைக்க வேண்டும். வீட்டோடு இருப்பவர் வெயிலைத் தேட வேண்டும்.
4. நிறமி இல்லாதவரையும் வெண்புள்ளி உள்ளவரையும் தனிக் கவனத்தோடு காக்க வேண்டும்.
5. ஆறாத புண்ணுக்கும் கண்ணில் வளரும் சதைக்கும் மருத்துவரைக் காண வேண்டும்.

நாற்றுக்கு நிழல் கட்டச் செலவழிக்கும் உழவர், தமக்கும் தம் வயலில் பாடுபடுவோருக்கும் ஒரு சட்டையும் ஒரு தொப்பியும் வாங்கச் செலவழிப்பது பெரிதல்ல. பட்டுப்போன நாற்றுக்குப் பதிலாக வேறு நாற்றை நடலாம். பார்வை மங்கிய கண்ணுக்கும் கெட்டுப்போன தோலுக்கும் அப்படி மாற்று நாற்று கிடையாது.